நடையா, சக்கர நாற்காலியா: தீர்மானிக்க வேண்டியவர் யார்?

யாழ்ப்பாணத்தின் சுருவில் போன்ற தீவக ஊரில் ஒருவர் பனையிலிருந்து விழுந்து, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு வீடு திரும்பினால், பார்க்க வருகிற எல்லாரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "எப்ப எழும்பி நடப்பார்?" அன்பில் கேட்பதுதான். ஆனாலும் சக்கர நாற்காலியில் அமர்வது தோல்வி என்ற எண்ணம் அந்த வீட்டில் அப்படித்தான் குடியேறுகிறது.

அடிபட்ட இடத்துக்குக் கீழே கொஞ்சமேனும் உணர்வும் அசைவும் மிஞ்சியிருந்தால் நடை திரும்ப வாய்ப்புண்டு. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆண்டுக்குள் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் இயன்மருத்துவப் பயிற்சியை விடவே கூடாது. நெஞ்சு மட்டத்தில் முழுமையாகப் பாதிக்கப்பட்டவரும் கலிப்பர் என்ற கால் தாங்கியைப் பூட்டி, ஊன்றுகோல் பிடித்துச் சில அடி நடக்கலாம். ஆனால் அதற்குச் சாதாரண நடையைவிடப் பல மடங்கு பலம் செலவாகும். தோள்கள் நோகும், விழுந்து கால் எலும்பு முறிந்தாலும் வலி தெரியாமல் போகலாம். அதே மனிதர் பொருத்தமான நாற்காலியில் கடைக்கும் வேலைக்கும் போய்க் களைக்காமல் திரும்புவார். வீட்டுக்குள் நடை, வெளியே நாற்காலி என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எது பொருந்தும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். நாற்காலி தோல்வியும் அல்ல: வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 வாகன விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்.

நாற்காலியிலும் ஆபத்து உண்டு. அளவு பாராமல் நன்கொடையாக வரும் ஆஸ்பத்திரி நாற்காலியின் சிறிய முன்சில்லு மணல் ஒழுங்கையில் புதையும். மெத்தை சரியில்லாவிட்டால் படுக்கைப்புண் வரும், அது உயிரையே பறிக்கலாம். இடுப்பகலம், தொடை நீளம் அளந்து கேளுங்கள். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையூன்றி உடலைத் தூக்க வேண்டும். தினமும் கண்ணாடி வைத்துப் பின்புறத் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தம் நீங்கியும் மாறாவிட்டால் அதன்மேல் இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

படிகள் மட்டுமே உள்ள பொதுக் கட்டடத்துக்குள் போக முடியாதது நாற்காலியில் இருப்பவரின் குறையல்ல. இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிராகப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. 2006 ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கு அணுகு வசதியைக் கட்டாயமாக்கின. மரம் விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், 2011இல் உயர் நீதிமன்றம் அதை வலியுறுத்தி உத்தரவிட்டது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் என்பது பொதுவான அளவு.

நாற்காலிக்கும் உதவிப்பணத்துக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, பிரதியை வைத்திருங்கள். பாரபட்சம் நேர்ந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரச அலுவலகம் அடிப்படை உரிமையை மீறினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடலாம். மீறல் நடந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றம் போவதற்கான ஒரு மாதக் கெடுவில் சேராது.