அகப்பக்கத்தில் புகுத்தப்படும் தீய கட்டளைகள்

தோட்டப்புற ஆலயங்களும் தமிழ்ப்பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தங்களுக்கென அகப்பக்கம் அமைத்துக்கொள்ளும் காலம் இது. அவற்றுட் சில, உறுப்பினரின் அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்டுப் பெறுகின்றன. அவ்விவரங்கள் களவுபோகும் வழிகளுள் ஒன்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

பழைய தோட்ட அலுவலகத்தை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் தம் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். கிராணி செக்ரோலைப் புரட்டி அவர் கணக்கை மட்டும் சொல்கிறார். இன்னொருவர் பெயருக்குக் கீழே, 'மற்ற எல்லாருடைய கணக்கையும் காட்டுக' என எழுதி நீட்டுகிறார். எந்தக் கிராணியும் இதற்கு இணங்கார். கணினியோ இணங்கிவிடும். பெயர் எது, கட்டளை எது எனப் பிரித்தறியும்படி நிரல் எழுதப்படாவிடின், பெயருக்குரிய கட்டத்தில் எழுதப்பட்டதும் அதற்குக் கட்டளையே. இதனை 'எஸ்.கியூ.எல். இன்ஜெக்‌ஷன்' என்பர்.

பிரிட்டனில் டாக்-டாக் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்திற்கு 2015 அக்டோபரில் நேர்ந்தது இதுவே. 156,959 வாடிக்கையாளரின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் பறிபோயின. 2009-ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது உடன்வந்த 3 பழைய பக்கங்களே திருடர் நுழைந்த வாசல். அவை இருப்பதையே நிறுவனத்தார் அறிந்திலர். தரவுத்தள மென்பொருளின் குறையை நீக்கும் திருத்தமோ 2012-லேயே வெளியாகியிருந்தது! அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 2016-இல் 400,000 பவுன் அபராதம் விதித்தது.

ஆகவே, அகப்பக்கம் அமைத்துத் தருவோரிடம் செயற்குழுவினர் முதலில் வினவ வேண்டியது இது: பயனர் எழுதுவது கட்டளையோடு ஒட்டி அனுப்பப்படுகிறதா, கட்டளையை முன்னரே ஆயத்தமாக்கி, எழுதியதைத் தனியே அனுப்புகிறீர்களா? பின்னதே வேண்டும். அப்போது பெயர்க் கட்டத்தில் எதை எழுதினாலும் கணினி அதைப் பெயராகவே கொள்ளும். மேற்கோள் குறிகளைத் தடுத்தாலே போதும் என்பாரும் உளர், அதனை நம்புவதற்கில்லை.

பயனர் எழுதியதைப் பக்கத்தில் மீண்டும் காட்டும்போதும், அதிலுள்ள குறியீடுகள் இயங்காத வெறும் எழுத்தாக மாற்றப்படல் வேண்டும். தவறினால், பார்க்க வருவோரின் உலாவியில் தீய நிரல் ஓடும். தரவுத்தளத்தில் அகப்பக்கத்திற்கு அளிக்கும் அதிகாரமும் தேவையான அளவே இருக்கட்டும். படிக்க மட்டுமே வேண்டிய பக்கத்திற்கு அழிக்கும் உரிமை எதற்கு?

என்றோ நடந்த திருவிழாவுக்காகத் திறந்த பதிவுப் பக்கம் இன்னும் மூடாமல் கிடக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். தாக்குதல் நிகழ்ந்ததாக ஐயம் எழுந்தால், அகப்பக்கத்தை உடனே மூடி, கணினியின் வருகைப் பதிவுகளை அழிக்காது வைத்திருந்து, சைபர்999 உதவி மையத்திற்கு அறிவித்தல் வேண்டும்.