கடன் கணக்கு – 9: மஞ்சள் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு வக்கீல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் கடனில் மூழ்கிவிட்டார் என்று சொல்ல ஒரு வரி போதும்: "ஐ.பி. போட்டுட்டாராம்." ஐ.பி. என்றால் இன்சால்வன்ஸி பெட்டிஷன், திவால் மனு. வயதானவர்கள் அதையே "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டார்" என்பார்கள். அந்தத் தொனியில் பாதி அனுதாபம், பாதி சந்தேகம். மனுஷனுக்கு நிஜமாகவே முடியவில்லையா, இல்லை வீட்டை மச்சான் பேருக்கு எழுதிவிட்டு ஊருக்கே நாமம் போடுகிறாரா? இந்தச் சந்தேகம் வளர்ந்ததில், அப்படி எழுதி வைக்கச் சொல்லிக்கொடுக்கும் சில வக்கீல்களுக்கும் பங்குண்டு.

திவால் என்றதும் எல்லோரும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அதில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. மற்றவர்களுக்கு இன்றும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். சென்னைவாசிக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம். காஞ்சிபுரத்து நெசவாளிக்கு 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம், மாவட்ட அளவிலான நீதிமன்றம். அந்தச் சட்டப்படி 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம். இன்று ஒரு பட்டுப்புடவையின் ஜரிகைக்குக்கூடக் காணாத தொகை. ஆக, சொந்தப் பேரில் கடன் வாங்கிய தறிக்காரரிடம் 2016 சட்டப்படி கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று ஆரம்பிக்கிற வக்கீலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

நல்ல வக்கீல் மனு எழுதுவதற்கு முன் கடன்களைப் பிரிப்பார். ஒரு நெசவுக் குடும்பத்தின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். வங்கியில் நகைக்கடன், ஜரிகைக் கடைப் பாக்கி, தண்டல்காரரிடம் கொஞ்சம், முதலாளியிடம் வாங்கிய முன்பணம், யாருக்கோ தேதி போடாமல் கொடுத்த ஒரு செக். வெளியில் பார்த்தால் எல்லாம் கடன்தான், சட்டத்தின் கண்ணில் ஒவ்வொன்றும் வேறு. அடகு நகை மீது வங்கிக்கு உள்ள உரிமையை ஐ.பி. தொடாது. செக் திரும்பினால் வரும் கிரிமினல் வழக்கையும் அது நிறுத்தாது. தண்டல் வட்டிக்கு 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

முன்பணம்தான் முக்கியமானது. அதே 2003-இல் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றிருந்தது. முன்பணத்தைக் காட்டி ஆளைத் தறியோடு கட்டிப்போட்டிருந்தால் அது கொத்தடிமைக் கடன், 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. செல்லாத கடனுக்கு எதற்கு மஞ்சள் நோட்டீஸ்? இதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் பெரிதாக இருந்தால்தான் ஐ.பி. என்ற பேச்சே எடுக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, என்ன போகும், என்ன மிஞ்சும் என்பது. திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் சொத்து ரிசீவர் கைக்குப் போய்விடும். காரை வீடு தப்பாது. தறி தப்பும். கைவினைஞரின் தொழில் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. ஜப்தி செய்ய முடியாததைத் திவால் சட்டமும் தொடுவதில்லை. குழித்தறியும் அச்சும் நாடாவும் வீட்டிலேயே இருக்கும். சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத தாலிக்கும் அதே பாதுகாப்பு உண்டு. இந்த வித்தியாசம் தெரியாத வக்கீல் ஒன்று அனாவசியமாகப் பயமுறுத்துவார், இல்லை பொய்யாகத் தைரியம் சொல்வார்.

"முதல்ல வீட்டை சம்சாரம் பேருக்கு மாத்திடுங்க" என்பவர் அதைவிட ஆபத்து. மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இனாமாக எழுதிக்கொடுத்ததை நீதிமன்றம் ரத்து செய்யலாம். சொத்தை மோசடியாக மறைத்தால் ஓராண்டு வரை சிறை. எதிர்த் தரப்பிலும் வக்கீல் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவால் மனு கொடுத்தபோது, பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காக நின்றவர் வி. கிருஷ்ணசாமி அய்யர். திவால் மனு கொடுத்தும் சர் ஜார்ஜ் அர்பத்நாட் தப்பவில்லை, மோசடிக்காக 18 மாதக் கடுங்காவல் பெற்றார். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கி.

நேர்மையாகக் கணக்குக் காட்டுபவர் சிறைக்குப் பயப்பட வேண்டியதில்லை. கையில் காசில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைக் கடனுக்காகச் சிறையில் தள்ள முடியாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதிவிட்டார்.

ஃபீஸ் பேசும்போது பலரும் சறுக்குகிறார்கள். "ஐ.பி. போட எவ்வளவு?" என்று கேட்டு, அதற்கு மட்டும் பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். மனுப் போடுவது முதல் படிதான். கடனிலிருந்து விடுவிக்கும் உத்தரவுக்கு நீதிமன்றம் ஒரு கெடு வைக்கும். அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். அந்த உத்தரவு கிடைக்கும்வரை, திவாலானவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. அதனால் விடுதலை உத்தரவுவரை மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. விளம்பரம் செய்யவும் அனுமதியில்லை. ஆன்லைனில் வக்கீல் பிடித்துத் தரும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வக்கீல் சொதப்பினால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று நினைக்க வேண்டாம். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. வக்கீலின் நடத்தையில் தவறிருந்தால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை, 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

ஃபீஸ் கொடுக்கவே வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100. வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.

(தொடரும்)