பாசிப் பெண்களும் பவளத் தீவுகளும்

அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே உள்ள கடற்கரை மணல்பாங்கானது. பவளப்பாறையைப் பார்க்க தெற்கே மன்னார் வளைகுடா போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். எந்த வலையை எப்போது இறக்கலாம் என்று மாமல்லபுரம் பக்கத்து மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் காலங்காலமாக முடிவு செய்து வந்திருக்கின்றன. கடலுக்கு விதி எழுதுவது யார் என்ற அதே கேள்வி, மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையின் மேல் வெடித்தது.

1986-இல் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தேவை இருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டியெடுத்ததில் தீவுகள் அரிப்புக்கு ஆளாகி, விலாங்குசல்லித் தீவு கடலில் மூழ்கியே போனது.

ஆனால் கல் வெட்டியவர்களோடு பாசி எடுத்தவர்களும் அந்தப் பூங்காவின் தடையில் சிக்கினார்கள். பாம்பன் அருகே சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் நீர்க்கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி மூழ்குகிறார்கள். செத்த பவளக்கற்களில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். அகர் தயாரிக்க உதவும் பாசி அது. தாய், பாட்டி செய்த தொழில் திடீரென்று அத்துமீறலானது. வனத்துறையோடு மோதல் தொடங்கியது.

பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டு தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். இரும்புச் சுரண்டி கூடாது. மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது. ஆண்டுக்கு 45 நாள் முழு ஓய்வு. அடிப்பகுதியைச் சுரண்டாமல் விட்டால் பாசி மறுபடி தழைக்கும், கல்லும் பெயராது. இந்த முயற்சிக்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி அமைப்பின் சர்வதேச விருது கிடைத்தது.

மாற்றுத் தொழிலாக வந்த கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அயல்நாட்டுப் பாசியான இது, குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மீது படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். சின்னத் துண்டு ஒடிந்தாலும் புதிதாக வளர்ந்துவிடும். அது வெளிச்சத்தை மறைத்தால், பவள உயிரியின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வேலை செய்ய முடியாது. பவளம் பட்டினியில் சாகும்.

விதி எழுதுவது யார் என்ற கேள்வி வேறு நாட்டிலும் எழுந்தது. பிலிப்பைன்ஸின் அப்போ தீவில் 1982-இல் மீனவர்கள் பவளக் காப்பிடம் அமைத்தார்கள். 1994-இல் அது தேசியச் சட்டத்தின் கீழ்ப் போனதும், முடிவெடுப்பதில் தங்கள் பங்கு சுருங்கியதென்று அவர்கள் மனக்குறை கொண்டனர்.

இராமநாதபுரம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எந்தப் பாசியை, எந்தத் தீவிலிருந்து எவ்வளவு தள்ளி வளர்ப்பது என்பதை அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பாறைகளின் மேல் வருடக்கணக்கில் மூழ்கி எழுந்த பெண்களுக்கு அதை முடிவு செய்யும் குழுவில் வாக்குரிமையுள்ள இடம் வேண்டும்.