நான்கு கல் இடத்தில் மூன்று கல்

ஊரில் யாராவது வீடு கட்டத் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பில்லர்?" என்பதுதான். ஒரு கூடம், ஓர் அறை, சமையல்கட்டு. மாடி எழுப்பும் எண்ணம்கூட இல்லை. ஆனாலும் குழி தோண்டி, கம்பி கட்டி, பில்லர் நிறுத்தி, பீம் போட்டு, இடைவெளியில் செங்கல்லை அடைக்கிறோம். அந்த 9 அங்குலச் சுவரே கூரையைத் தாங்கிவிடும் என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை. கரிசல் மண்ணில் அடித்தளத்துக்குத் தனிக் கவனம் வேண்டும், உண்மைதான். ஆனால் கெட்டியான மண்ணில் நிற்கும் ஒற்றைத் தள வீட்டுக்கு இத்தனை கம்பியும் கான்கிரீட்டும் எதற்கு?

பணம் மட்டும் வீணாவதில்லை. அரியலூர் பக்கம் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆவதற்குச் சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைப் பார்த்தாக வேண்டும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ வெந்தால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ குறையாது. அது கல்லுக்குள்ளேயே இருந்த கார்பன். எரிபொருள் புகையையும் சேர்த்து, சாம்பல் கலந்த சிமெண்ட் 50 கிலோ மூட்டை ஒன்றுக்குத் தோராயமாக 30 கிலோ உமிழ்வு என்று வைத்துக்கொள்ளலாம். ஏசி இல்லாமல் இரண்டு மின்விசிறியும் நான்கு விளக்கும் ஓடும் வீட்டின் கார்பன் கணக்கில் கணிசமான பங்கு, பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே ஏறிவிடுகிறது.

குறைந்த செலவு வீடும் குறைந்த கார்பன் வீடும் பெரும்பாலும் ஒரே வீடுதான் என்று நான் உறுதியாக நம்புவதற்குக் காரணம் இதுதான். அதைக் கட்டிக் காட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 1945இல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா வந்தவர். 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அந்நகரின் 'உள்ளூர்' என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவர் கட்டியது. பூச்சு இல்லாத செங்கல் சுவர்கள், காற்று நுழையும் சல்லடைச் சுவர்கள், வளைந்து போகும் நடைபாதைகள். ஏழைக்கு ஒரு தரம், நிறுவனத்துக்கு ஒரு தரம் என்று அவர் பிரிக்கவில்லை.

அவர் பரவலாக்கிய இரண்டு முறைகளைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம்.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். இதில் விளிம்பில் நிறுத்திக் கட்டுவார்கள். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலத் தடிமன் உள்ள இரண்டு கற்களைச் சுவரின் இரு முகத்திலும் எதிரெதிராக நிறுத்தி, அவற்றின் தலைமாட்டில் ஒரு கல்லைக் குறுக்கே வைத்தால், ஓர் அடி நீளச் சுவர் 4½ அங்குல உயரத்துக்கு எழும்பிவிடும். உள்ளே 3 அங்குலப் பொந்து. இதே அளவை அடைசலாகக் கட்டினால் நான்கு கல் வேண்டும். இங்கே மூன்றே கல். 10,000 கல் கேட்கும் சுவர் 7,500 கல்லில் முடிகிறது. கலவையும் குறைகிறது. பொந்தில் நிற்கும் காற்று வெயிலை எளிதில் உள்ளே விடாது. கலவை பொந்துக்குள் விழாமல் இருக்க, பரப்பும்போது மேலே ஒரு மரச்சட்டத்தை வைத்துக்கொள்வார்கள். அடி வரிசை, ஜன்னலின் கீழ் வரிசை, கூரை உட்காரும் வரிசை ஆகியவற்றை அடைசலாகவே கட்ட வேண்டும். கற்கள் ஒரே அளவில் இருப்பது முக்கியம். கோணல்மாணலான நாட்டுச் செங்கல்லுக்கு இந்த முறை சரிப்படாது.

இரண்டாவது, ஓடு பதித்த கூரை. கான்கிரீட் தளம் பாரத்தில் லேசாகத் தொய்யும்போது மேல்பாதி அழுந்துகிறது, கீழ்பாதி இழுபடுகிறது. அழுத்தத்தைக் கான்கிரீட் தாங்கும். இழுப்பைத் தாங்குவது கம்பிதான். அப்படியானால் கீழ்பாதியில் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா கனத்துக்கொண்டிருக்கிறது. சென்ட்ரிங் பலகை மேல் கம்பிக் கட்டத்துக்குள் இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் காற்று சிக்கும்படி வைத்துக் கான்கிரீட் போட்டால் அந்த இடம் மிச்சம். ஓடுகளை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கம்பி இடைவெளியைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். பலகையைப் பிரித்ததும் செந்நிறக் கட்டங்களோடு கூரை தெரியும். அடியில் பூச்சே தேவையில்லை.

இதைத் தமிழ்நாட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். மாநில அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' வீட்டுத் திட்டத்தில் வீடு ஒன்று 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். 2030க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. 5 அங்குலத் தளம் என்றால் சுமார் 3½ கன மீட்டர் கான்கிரீட், ஏறத்தாழ 28 மூட்டை சிமெண்ட். ஓடு பதித்து ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே வீட்டுக்கு 5 மூட்டை மிச்சம். எல்லா வீட்டுக்கும் இப்படிச் செய்தால் 40 லட்சம் மூட்டை, அதாவது 2 லட்சம் டன். சுவரையும் பில்லரையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சிமெண்ட்டே மாறிவருகிறது. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் பாதி அளவுக்குக் கலந்த 'எல்சி3' ரகம், உமிழ்வை 30 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும். சென்னை ஐஐடியும் இதன் ஆய்வில் பங்கேற்றது. நல்லதுதான். ஆனால் ஓடும் செங்கல்லும் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் பரவவில்லை? சிமெண்ட், கம்பியில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி கொத்தனாரின் கூலிக்குப் போக வேண்டும்; முதல் சில வரிசைகளுக்கு வேலை மெதுவாகத்தான் நடக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கும் ஒப்பந்தத்தில் அந்த நிதானத்துக்கு இடமில்லை. எஸ்டிமேட்டில் இந்த வேலைக்கு ஒரு வரி இல்லாவிட்டால் பொறியாளர் கையெழுத்துப் போடத் தயங்குவார். பூசாத சுவரைப் பார்த்து "காசு தீர்ந்துபோச்சா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பதும் சின்ன விஷயமல்ல. ஆயுள் சேமிப்பைப் போட்டுக் கட்டும் குடும்பத்துக்கு வீடு என்பது மானமும்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரும்புகிறவர்கள் வெளிப்பக்கம் பூசிக்கொள்ளட்டும். பொந்து உள்ளேதானே இருக்கிறது.

அரசு செய்யக்கூடியது எளிது. ஒன்றியத்துக்கு ஒரு வீட்டை இப்படிக் கட்டி, அந்த வட்டாரக் கொத்தனார்களை நாள் கூலி கொடுத்து அந்த வேலையிலேயே பழக்க வேண்டும். பயனாளிகளைச் சித்திரை வெயிலில், மதியம் மூன்று மணிக்கு, அந்தக் கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும். பிறகு அடுத்த தெருவில் இருக்கும் வழக்கமான கான்கிரீட் வீட்டுக்குள் அழைத்துப் போகட்டும்.