அந்தப் பையனுக்கு யார் டீச்சர்?

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் பையன் அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். கதை சொல்லச் சொன்னால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் கன்னடப் ‘ப’வும் ‘வ’வும் அவனுக்கு ஒன்றாகிவிடும்.

“மிஸ் வேற ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கன்னு சொல்றாங்க. இனி வச்சுக்க மாட்டாங்களா?” என்று அக்கா டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமையே கிடையாது, அக்கா. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது; உங்கள் பையனுக்கு இருக்கலாம் என்று தோன்றுகிற கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயது வரை படிப்பு இலவசம். பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்துகொள்வது பிள்ளையின் உரிமை. இந்த லிங்கராஜபுரத்திலேயே, 1959-இல் தொடங்கிய ஏ.பி.டி. என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பு எல்லாப் பிள்ளைகளையும் கலந்து உட்காரவைத்துப் பள்ளி நடத்துகிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள். ஆனால் யாரோ துரத்தினார்கள் என்பதற்காகப் போகவேண்டாம்.

குறைபாட்டுச் சர்டிஃபிகேட் இன்னும் வாங்கவில்லையே என்று பயப்படாதீர்கள். அது இல்லை என்று பள்ளி கதவைச் சாத்த முடியாது. பரீட்சைச் சலுகைக்கும் மற்ற உதவிகளுக்கும்தான் அது வேண்டியிருக்கும். இன்னொன்று: மூன்றாம் வகுப்பு அல்லது 8 வயது, எது முதலில் வருகிறதோ அப்போது கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று டீச்சரே பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு விதிமுறை போட்டது. ஆக, வேறு பள்ளி பாருங்கள் என்பதற்கு முன்னால் மிஸ் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

“சரி, வச்சுக்கறாங்க. சொல்லிக் குடுக்கறது யாரு?”

சிக்கலே அங்கேதான். பெங்களூரு நகரம் வடக்கு, தெற்கு என இரண்டு கல்வி மாவட்டம். அவற்றுக்குள் வலயங்கள், வலயத்துக்கு ஒரு பி.இ.ஓ., அதாவது வட்டாரக் கல்வி அதிகாரி ஆபீஸ். அதோடு சேர்ந்த வட்டார வள மையத்தில், அதாவது பி.ஆர்.சி.யில், பி.ஐ.இ.ஆர்.டி. என்ற சிறப்பு ஆசிரியர்கள் இருப்பார்கள். பள்ளி பள்ளியாகச் சுற்றுவது, எழுந்து வர முடியாத பிள்ளைகளின் வீட்டுப் படிப்பைக் கவனிப்பது, மருத்துவ முகாம் நடத்துவது எல்லாம் அவர்கள் தலையில். முகாமில் காது பார்ப்பவர் ஒரு பக்கம், கண் பார்ப்பவர் ஒரு பக்கம். கால் சூம்பிய பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்து, முட்டியிலிருந்து குதிகால் வரை டேப்பால் அளப்பார்கள். காலுக்கு மாட்டும் காலிபர் வர மாதக்கணக்கில் ஆனால் பிள்ளையே வளர்ந்திருக்கும். மறுபடி அளவெடுக்க வேண்டியதுதான். செலவுக்கு சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 3,500 ரூபாய் கணக்கு; பெண் பிள்ளைக்குப் பத்து மாதம், மாதம் 200 ரூபாய் தனி. அந்த 200 எத்தனை நாள் ஆட்டோவுக்கு வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

தொடக்கப் பள்ளியில் குறைபாடுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று 2022-இல் மத்திய அரசு அளவு வைத்தது. அதற்கு முந்தைய வருடம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் விளைவு அது. பணியிடங்களை உருவாக்கி நிரப்புங்கள் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. பள்ளி பள்ளியாகப் போகிற ஆசிரியர் உங்கள் பையனைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, அவர் அடுத்து வருகிற வரைக்கும் யார்? வகுப்பு மிஸ்தான். முன் பெஞ்சில் உட்காரவைப்பது, எழுதச் சொல்லாமல் வாயால் கேட்டு மார்க் போடுவது, கரும்பலகையில் இருப்பதைப் பெரிய எழுத்தில் தனித் தாளில் தருவது. என்னைக் கேட்டால் அதுதான் சிறப்புக் கல்வி. முகாமும் காலிபரும் அதற்குத் துணை.

வேறு நாட்டில் எப்படி என்றால், அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டப்படி, இப்படிப்பட்ட பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பே பள்ளி மாவட்டத்துக்கு. அவனுக்கென்று தனித் திட்டம் எழுத வேண்டும், பெற்றோரும் சேர்ந்து உட்கார வேண்டும், வருடா வருடம் திருத்த வேண்டும். அங்கேயும் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்ன மத்திய அரசு இன்றுவரை அதை முழுதாகத் தந்ததில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரே வாசல். இங்கே படிப்புக்குக் கல்வித் துறை, சர்டிஃபிகேட்டுக்கு ஆஸ்பத்திரி, உதவித்தொகைக்கு இன்னொரு துறை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவது அம்மா.

அதனால் ஹெச்.எம்.மிடம் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். பி.ஐ.இ.ஆர்.டி. வந்து பார்க்க வேண்டும், பெயரைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று மனு எழுதிக் கொடுங்கள். நாளைக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் கூடுதல் நேரமோ, சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆளோ கேட்கும்போது இந்தப் பழைய காகிதம் கைகொடுக்கும். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் பள்ளி முத்திரை வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் அடுத்தது பி.இ.ஓ., அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். கன்னடத்தில் நானே எழுதித் தருகிறேன். பையனின் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்.