முதல் விருப்பமும் இரண்டாம் விருப்பமும்

தேர்தல் நாள் குறிக்கப்பட்டதும் நாஞ்சில் நாட்டின் வீட்டுத் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் முதலில் எழும் கேள்வி, "நம் தொகுதிக்கு யாரை நிறுத்துவார்கள்?" என்பதே. யாரை நிறுத்துவோம் என்று நாம் கேட்பதில்லை. நிறுத்துவார்கள் என்றே கேட்கிறோம். நிறுத்துகிறவர்கள் சென்னையிலோ தில்லியிலோ இருக்கிறார்கள். அவர்கள் கூடிப் பேசிப் பெயரை அறிவித்த பின்னரே நம் வேலை தொடங்குகிறது.

அமெரிக்க நாட்டில் முறை வேறு. அங்கே குடியரசுத் தலைவர் பதவியை நாடுவோர் முதலில் தம் கட்சிக்குள்ளேயே, மாநிலந்தோறும் நடைபெறும் முன்னோடித் தேர்தல்களில், சாதாரண வாக்காளரின் ஆதரவைப் பெற்றாக வேண்டும். ஆகவே அங்குள்ள பழமை போற்றும் வாக்காளர் ஒரு தர்மசங்கடத்துக்கு உள்ளாகிறார். தம் கொள்கை முழுவதையும் வாய்விட்டுச் சொல்லும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதா? கொள்கையில் முக்காற்பங்கே ஒத்துப்போனாலும், இறுதித் தேர்தலில் வெல்லக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுப்பதா? 1964இல் குடியரசுக் கட்சியினர் முதல் வழியில் சென்று கோல்ட்வாட்டரை நிறுத்தினர். ஐம்பது மாநிலங்களில் ஆறே அவருக்குக் கிடைத்தன. 1976இல் இரண்டாம் வழியில் சென்று, ரீகனைச் சிறு வித்தியாசத்தில் ஒதுக்கிவிட்டு ஃபோர்டை நிறுத்தினர், அவரும் தோற்றார். ஒதுக்கப்பட்ட ரீகனே 1980இல் வெற்றி பெற்றார். இரு வழிகளில் எதுவும் வெற்றிக்கு உறுதிச்சீட்டன்று என்பதே இதிலிருந்து தெரிவது.

இச்சங்கடம் நமக்குப் புதியதன்று. 1969ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஏழு மாத இடைவெளியில், அது இருமுறை நம் வாசலுக்கு வந்தது. முதல்முறை நாகர்கோவில் வாக்காளரிடமே வந்தது. மறுமுறை, நாகர்கோவில் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினரிடம் வந்தது. அப்போது நடந்தது குடியரசுத் தலைவர் தேர்தல்.

பழமை போற்றுவோர் யார்?

பழமை போற்றுவோர் என்றால் பிற்போக்காளர் என்று மேடைகளில் முழங்குவது எளிது. உண்மை அதுவன்று. நம் உழவரைப் பாருங்கள். புதிய விதை வந்தால் அவர் அதை வெறுப்பதில்லை. பக்கத்து வயலில் ஒரு பூ விளைந்து வரட்டும் என்று காத்திருப்பார். அதுவரை பழைய விதைநெல்லைப் பத்தாயத்திலிருந்து எடுத்தெறிய மாட்டார். இந்த எச்சரிக்கையைத்தான் நாம் பழமை போற்றுதல் என்கிறோம். குடும்பம், வழிபாடு, பள்ளிக்கூடம், உழைத்துத் தேடிய துண்டு நிலம் ஆகியவற்றை ஒரே நாளில் புரட்டிப்போடும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்பது நம் எண்ணம். அரசு வலிமையாயிருக்கட்டும், ஆனால் தன் எல்லையை அறிந்திருக்கட்டும்.

இவ்வெண்ணத்துக்கு நாட்டளவில் ஒரு கட்சி வடிவம் கொடுத்தவர் இராஜாஜி. காங்கிரசு 1955இல் ஆவடியில் சோசலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்றும், 1959 ஜனவரியில் நாகபுரியில் கூட்டுறவுப் பண்ணை முறை வேண்டும் என்றும் தீர்மானித்தது. அதே 1959இல் சுதந்திராக் கட்சி பிறந்தது. எதற்கெடுத்தாலும் உரிமம், அனுமதி, ஒதுக்கீடு என்று மக்களை அலைக்கழிக்கும் ஆட்சியை அது எதிர்த்தது. 1967 பொதுத்தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சிகளுள் பெரியதாயிற்று.

நாகர்கோவில், 1969 ஜனவரி

குமரி மாவட்டத்தைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கப் பாடுபட்ட மார்ஷல் நேசமணி 1968 ஜூன் முதல் நாள் மறைந்தார். அவர் வகித்த நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. காங்கிரசின் சார்பில் காமராஜர் நின்றார். அவரை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியின் மத்தியாஸ் நின்றார். அப்போது மாநிலத்தை ஆண்ட திராவிட முன்னேற்றக் கழகம் மத்தியாசை ஆதரித்தது.

பழமை போற்றும் வாக்காளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கொள்கை ஏட்டை மட்டும் புரட்டிப் பார்த்தால், அவருடைய கட்சி நட்சத்திரச் சின்னம் கொண்ட சுதந்திராக் கட்சியே. ஆனால் அந்த நட்சத்திரத்துக்குத் துணை நின்றதோ, சுயமரியாதை இயக்கத்தின் வழிவந்த கழகம். எதிரே இரட்டைக் காளைச் சின்னத்தில் நின்றவர், சோசலிசம் பேசும் கட்சியின் தலைவர். அதுவுமன்றி வெளி மாவட்டத்துக்காரர். 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 வாக்குகளில் தோற்றவர். ஆயினும் அவருடைய வாழ்க்கை என்ன சொல்லிற்று? ஒன்பதாண்டுகள் முதலமைச்சராயிருந்தும் தமக்கெனச் சொத்துச் சேர்க்காதவர். 1963இல் தாமாகவே பதவியை விட்டு இறங்கியவர். ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்தவர். கட்சியின் சொல் ஒரு பக்கமும் மனிதரின் வாழ்வு மறுபக்கமுமாக நின்ற தேர்தல் அது.

காமராஜர் 1,28,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவ்வளவு பெரிய வித்தியாசம் ஒரு கட்சியின் வழக்கமான வாக்குகளால் மட்டும் வந்திருக்க முடியாது என்பது நம் கருத்து. பழமை போற்றுவோரில் ஒரு பகுதியினரேனும் கொள்கை ஏட்டைச் சற்று மூடி வைத்துவிட்டு ஆளைப் பார்த்திருக்கிறார்கள். தன்னையே அடக்கி ஆளத் தெரிந்தவன் கையில் அதிகாரம் இருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை என்று அவர்கள் கணக்கிட்டிருக்க வேண்டும்.

தில்லி, 1969 ஆகஸ்ட்

அவ்வாண்டு மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். அவருக்குப் பின் யார் என்று முடிவு செய்யக் காங்கிரசின் பாராளுமன்றக் குழு ஜூலையில் பெங்களூரில் கூடியது. நாகர்கோவிலின் புதிய உறுப்பினர் காமராஜரும் அக்குழுவில் இருந்தார். பிரதமர் இந்திரா காந்தி ஜகஜீவன்ராமை விரும்பினார். காமராஜர் உள்ளிட்ட பெரும்பான்மையினரோ நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தனர். அடுத்த சில நாட்களில், ஜூலை 19 அன்று, பதினான்கு பெரிய வங்கிகள் அவசரச் சட்டத்தின் வழி நாட்டுடைமையாயின. தற்காலிகக் குடியரசுத் தலைவராயிருந்த வி.வி. கிரி சுயேச்சையாகப் போட்டியில் இறங்கினார். தொழிற்சங்கத் தொண்டில் பழுத்த அவரைத் திராவிட முன்னேற்றக் கழகமும் பொதுவுடைமைக் கட்சிகளும் ஆதரித்தன.

பழமை போற்றும் கட்சிகளான சுதந்திராவும் ஜனசங்கமும் என்ன செய்தன? ரெட்டியும் அவர்கள் முழுமனத்தோடு விரும்பிய வேட்பாளர் அல்லர். எனவே சி.டி. தேஷ்முக்கை நிறுத்தினர். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர் அவர். நிதியமைச்சராயிருந்து, பம்பாய் நகரம் பற்றிய கருத்து வேற்றுமையால் 1956இல் பதவியைத் துறந்தவர். தகுதியில் குறைவில்லை, வெற்றி வாய்ப்புத்தான் இல்லை.

இங்கே குடியரசுத் தலைவர் தேர்தலின் தனிச்சிறப்பு ஒன்றைக் கூற வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுமே அதில் வாக்களிப்பர். ஒவ்வொருவரின் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. 1969இல் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 576. வாக்களிப்பவர் தம் முதல் விருப்பத்தை மட்டுமன்றி இரண்டாம், மூன்றாம் விருப்பங்களையும் குறிக்கலாம். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், பின்தங்கியோர் நீக்கப்பட்டு அவர்களுடைய வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்க்குச் சேரும். எனவே, தேஷ்முக்குக்கு முதல் விருப்பமும் ரெட்டிக்கு இரண்டாம் விருப்பமும் தருவதென்று அக்கட்சிகள் முடிவு செய்தன.

இரண்டாம் விருப்பத்தைக் கேட்டுக் காங்கிரசுத் தலைவர் நிஜலிங்கப்பா அக்கட்சிகளோடு பேசினார். அதையே குற்றமாக்கி, "பிற்போக்குச் சக்திகளோடு சதி" என்று பிரதமரின் அணியினர் முழங்கினர். ரெட்டியின் வேட்புமனுவில் கையொப்பமிட்டிருந்த பிரதமர், கட்சிக் கட்டளை பிறப்பிக்க மறுத்தார். மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற குரல் எழுந்தது.

ஆகஸ்ட் 16இல் தேர்தல். 20ஆம் நாள் முடிவு. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. ஒருவரும் எட்டவில்லை. அடுத்த விருப்பங்களைச் சேர்த்தபோது ரெட்டி 4,05,427க்கு உயர்ந்தார். கிரி 4,20,077 பெற்று வென்றார். முதல் சுற்றில் ஏறத்தாழ 88,000 ஆக இருந்த இடைவெளி 14,650 ஆகச் சுருங்கிவிட்டது. நம் குடியரசின் வரலாற்றில் இரண்டாம் விருப்பத்தை எண்ண வேண்டி வந்த குடியரசுத் தலைவர் தேர்தல் அது ஒன்றே.

வீணான வாக்கா?

"தோற்கப் போகிற தேஷ்முக்குக்கு வாக்களித்தது வீண்" என்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. முதல் விருப்பத்தில் அவர்கள் தம் மனத்தை ஒளிக்காமல் சொன்னார்கள். இரண்டாம் விருப்பத்தில் நாட்டுக்கு எது குறைந்த தீங்கு என்று தம் அறிவுக்குப் பட்டதைச் சொன்னார்கள். ஒன்று நேர்மை, மற்றொன்று விவேகம். கன்னிப்பூ பொய்த்துவிட்டது என்பதற்காகக் கும்பப்பூவுக்கும் வயலைத் தரிசு போடும் உழவர் நாஞ்சில் நாட்டில் உண்டோ?

ஆயினும் இரண்டாம் விருப்பத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. 1969 நவம்பரில் காங்கிரசு பிளந்தது. 1971இல் காமராஜரின் பழைய காங்கிரசும் சுதந்திராக் கட்சியும் கைகோத்தன. 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேடையில் ஏறினார்கள். மக்கள் அக்கூட்டணியை ஏற்கவில்லை. நாட்டளவில் சுதந்திராக் கட்சி 44 இடங்களிலிருந்து 8க்குச் சரிந்தது. 1974இல் வேறு கட்சியோடு கலந்து மறைந்தது. தமிழகத்தில் பழைய காங்கிரசு வென்ற ஒரே மக்களவைத் தொகுதி நாகர்கோவில். அங்கே மக்கள் வாக்களித்தது கூட்டணிக்கு அன்று, தாங்கள் முன்பே எடைபோட்டு ஏற்ற மனிதருக்கே என்று கொள்வது தவறாகாது. 1975 அக்டோபர் 2இல் கண்மூடும்வரை காமராஜர் நம் தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.

தோற்ற ரெட்டியின் கதையும் அங்கே முடிந்துவிடவில்லை. 1977இல் அவரே போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். எட்டாண்டுகளுக்கு முன் ஏற்கப்படாதவரை எதிர்த்து நிற்க அப்போது எவரும் இல்லை. தேர்தல் தோல்வி ஒரு மனிதரின் தகுதிக்கு இறுதித் தீர்ப்பு ஆகாது.

நம் வாக்கில் ஒரே இடம்

பொதுத்தேர்தலில் நமக்கு இரண்டாம் விருப்பத்தைக் குறிக்க இடமில்லை. ஒரே பொத்தான், ஒரே அழுத்தம். 2013 முதல் "மேற்கண்ட எவரும் இல்லை" என்று பதிவு செய்யும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அது மறுப்பே ஒழியத் தேர்வு ஆகாது; மறுத்துவிட்டு வந்தாலும் மற்றவர் தேர்ந்தெடுத்தவரே நம்மையும் ஆள்வார். ஆகவே குடியரசுத் தலைவர் தேர்தலில் அதிகாரிகள் நடத்தும் இரு எண்ணிக்கைகளையும் நாம் வாக்குச்சாவடிக்குப் புறப்படுமுன் மனத்துக்குள்ளேயே நடத்தி முடிக்க வேண்டும். என் உள்ளம் விரும்பும் வேட்பாளர் யார்? அவருக்கு வாய்ப்பில்லையெனில், எவரிடம் நாட்டை ஒப்படைத்துவிட்டு நான் அச்சமின்றி உறங்கலாம்?

அவ்வாறு கணக்கிடும்போது பழமை போற்றுவோராகிய நாம் மூன்றைக் கேட்போம். இவர் கையில் அதிகாரம் சேர்ந்தால் தம்மைத் தாமே அடக்கிக்கொள்வாரா? தம்மை ஆதரித்தவர்களே முறையற்றதைக் கேட்டால் "முடியாது" என்று சொல்வாரா? தோற்றால் தீர்ப்பை ஏற்று அமைதியாக வீடு திரும்புவாரா? இம்மூன்றுக்கும் "ஆம்" என்று விடை கிடைக்குமாயின், கொள்கையில் சிறிது கூடக்குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் "இல்லை" என்றால், நம் கொள்கையை எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் நம் வேட்பாளர் அல்லர். பழமையைப் பற்றிப் பேசுவது வேறு. அதைப் பேணுவது வேறு.

இன்று நாகர்கோவில் என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இல்லை. 2009 தேர்தல் முதல் அது கன்னியாகுமரித் தொகுதி. பெயர் மாறினாலும் வாக்காளரின் கடமை மாறவில்லை. வேட்பாளரை நிறுத்தும் அதிகாரம் நம்மிடம் இல்லை என்பது உண்மையே. ஆனால் எப்படிப்பட்டவரை நிறுத்தினால் இம்மாவட்டம் ஏற்கும், எப்படிப்பட்டவரை நிறுத்தினால் ஏற்காது என்பதை நிறுத்துகிறவர்களுக்கு உணர்த்தும் வலிமை நம்மிடம் உண்டு. விருதுநகரில் தோற்ற ஒருவரை நம்பி நாகர்கோவிலுக்கு அனுப்பினார்களே, இம்மக்கள் ஆளறிந்து வாக்களிப்பர் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். அந்த நற்பெயரை நம் பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்வோம். இரவு உணவுக்குப் பின் குடும்பத்தார் கூடியிருக்கும் வேளையில், சின்னத்தைப் பற்றியல்ல, ஆளைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.