புள்ளிக்குக் கீழே புள்ளி

2 இலிருந்து 0.75 ஐக் கழிக்கச் சொன்னால், உங்கள் பிள்ளை 2.75 என்று எழுதுகின்றதா? ஏசாதீர்கள். 2 இலிருந்து பூச்சியத்தைக் கழித்திருக்கின்றது. 75 இற்கு மேலே எதுவும் இல்லாததால் அதை அப்படியே கீழே இறக்கிவிட்டது. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களின் பெறுமதி அதற்கு இன்னும் விளங்கவில்லை.

தையல் நாடாவை எடுங்கள். 2 மீற்றர் ரிபனில் 75 சென்ரிமீற்றரை, அதாவது 0.75 மீற்றரை, பிள்ளையே அளந்து வெட்டட்டும். மிச்சம் 2 மீற்றரைவிடக் கூடுமா என்று கேளுங்கள். பிள்ளையே சிரிக்கும். மிச்சத்தை அளந்தால் 1.25 மீற்றர் இருக்கும்.

இனிக் கொப்பிக்கு வாருங்கள். 2 ஐ 2.00 என எழுதி, புள்ளிக்குக் கீழே புள்ளி வருமாறு 0.75 ஐ எழுதச் சொல்லுங்கள். ஒரு மீற்றரைக் கடன் எடுத்தால், அது 10 சென்ரிமீற்றர் நீளமான பத்துத் துண்டுகள். அவற்றில் ஒரு துண்டை மட்டும் 10 சென்ரிமீற்றர்களாகப் பிரித்தால், மிஞ்சுவது 9 துண்டுகள். இப்போது 10 இல் 5 போனால் 5, 9 இல் 7 போனால் 2, மீற்றர் 1. விடை 1.25.

1.25 உடன் 0.75 ஐக் கூட்டிப் பார்க்கட்டும். 2 வந்தால் சரி.

மறுநாள் 3.4 இலிருந்து 1.25 ஐக் கழிக்கக் கொடுங்கள். 3.4 ஐ 3.40 என எழுதினால் விடை 2.15.

“எனக்குக் கணக்குத் தெரியாதே” என்று ஒதுங்காதீர்கள். துணி அளந்து வெட்டத் தெரிந்த உங்களுக்கு இதுவும் தெரிந்த கணக்குத்தான்.